லாட்டுக்கு லாட் மாறும் சோதனைகள்: ஜாவாவில் பிராசஸ் ஓடும்போதே டாஸ்க் உருவாக்குவது

தருமபுரியிலிருந்து ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இது: கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலை ஒன்றுக்கு லாட் ரிலீஸ் (சோதனை முடிந்த சரக்குத் தொகுதியை வெளியே விடும்) மென்பொருள் எழுதுகிறார். ஒவ்வொரு லாட்டுக்கும் எத்தனை சோதனை, எந்தச் சோதனை, யார் செய்வது என்பதெல்லாம் வாங்குகிற கம்பெனியைப் பொறுத்து மாறுகிறது. அத்தனையையும் பிபிஎம்என் (வேலை எந்த வரிசையில் நடக்கும் என்று வரையும் குறியீட்டு முறை) படத்தில் முன்கூட்டியே வரைந்து வைக்க வழியில்லை. பிராசஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜாவா கோடிலிருந்து ஆட்களுக்கான டாஸ்க்குகளை உருவாக்க முடியுமா, முடியுமென்றால் எந்த மெத்தட்?

முடியும். மெத்தடும் சொல்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் தேவை மெத்தட் பெயரோடு நிற்கவில்லை என்று தெரிகிறது. டாஸ்க்கை உருவாக்குவது நாலு வரி வேலை. உருவாக்கிய டாஸ்க்குகள் எல்லாம் முடியும்வரை அந்த லாட்டை யார் பிடித்து வைப்பது, முடிந்ததும் யார் விடுவிப்பது என்பதுதான் நீங்கள் தீர்க்க வேண்டிய விஷயம். ஓசூர், கிருஷ்ணகிரி ஆலைகளுக்கு இந்த மாதிரி அப்ரூவல் மென்பொருள்களைப் பல வருடமாக எழுதி வருகிறேன். மாம்பழ சீசனில் அவை ஓடுவதையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். லாட் மாட்டிக்கொண்டு நின்ற இடங்களில் பெரும்பாலும் கோளாறு அந்தக் காத்திருப்பில்தான் இருந்தது.

எந்த எஞ்சின், அதாவது படத்தைப் படித்து பிராசஸை ஓட்டும் மென்பொருள் எது, என்று நீங்கள் சொல்லவில்லை. ஜாவாவுக்குள்ளேயே வைத்து ஓட்டுவதென்றால் ஆக்டிவிட்டி, காமுண்டா 7, ஃப்ளோவபிள் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். மூன்றும் ஒரே குடும்பம். 2010-ல் ஆக்டிவிட்டி வந்தது. அதிலிருந்து 2013-ல் காமுண்டாவும் 2016-ல் ஃப்ளோவபிளும் பிரிந்தன. அதனால் டாஸ்க் சர்வீஸ் என்ற இன்டர்ஃபேஸ் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதலில் நேரடி வழி. டாஸ்க் சர்வீஸில் நியூடாஸ்க் மெத்தடைக் கூப்பிட்டால் ஒரு டாஸ்க் ஆப்ஜெக்ட் கிடைக்கும். அதில் பெயர், விவரம், முன்னுரிமை, கெடு தேதி எல்லாம் வைத்து சேவ்டாஸ்க் கூப்பிட வேண்டும். சேவ் செய்யும்வரை அது மெமரியில் மட்டும்தான் இருக்கும், டேட்டாபேஸில் இல்லை. அதனால் ஆட்கேண்டிடேட்குரூப் போட்டு லேப் ஆட்களின் குழுவுக்கு ஒதுக்குவதை சேவ் செய்த பிறகுதான் செய்ய வேண்டும். முன்னாலேயே கூப்பிட்டால் எரர் வரும். முன்னுரிமை எதுவும் வைக்காவிட்டால் 50 என்று எடுத்துக்கொள்ளும். இவ்வளவுதான். லேப்பில் இருப்பவரின் லிஸ்ட்டில் டாஸ்க் வந்துவிடும், அவர் க்ளெய்ம் செய்யலாம், முடிக்கலாம்.

இப்படிப் பிறந்த டாஸ்க்குக்கு எந்த பிராசஸும் சொந்தமில்லை. கேட்டில் பதிவு போடாமல் உள்ளே விட்ட லாரி மாதிரி: உள்ளே இருக்கிறது, ஆனால் அது வெளியே போனதா என்று யாரும் தேட மாட்டார்கள். டாஸ்க்கை முடித்தாலும் எந்த பிராசஸும் நகராது. முடிக்காமல் விட்டாலும் எந்த பிராசஸும் நிற்காது. படத்தில் யூசர் டாஸ்க்குக்கு நீங்கள் எழுதி வைத்த டாஸ்க் லிசனர்கள் (டாஸ்க் உருவாகும்போதோ முடியும்போதோ தானாக ஓடும் கோட்) இதற்கு ஓடாது. ஏனென்றால் இது படத்திலிருந்து வந்ததே இல்லை. மெயில் போகவில்லை, எஸ்எம்எஸ் போகவில்லை என்று வரும் புகார்களில் இதை முதலில் பாருங்கள். கெடு தேதியும் அப்படித்தான். செட்டியூடேட் என்பது டேபிளின் ஒரு நெடுவரிசையில் தேதியை எழுதி வைக்கிறது, அவ்வளவுதான். அந்த நேரம் தாண்டினால் தானாக எதுவும் நடக்காது. நேரம் தாண்டினால் மேலாளருக்குப் போக வேண்டும் என்றால் அதற்கு பவுண்டரி டைமர் (டாஸ்க்கின் ஓரத்தில் ஒட்டி வைக்கும் கடிகாரம்) வேண்டும், பவுண்டரி டைமருக்குப் படத்தில் ஒரு யூசர் டாஸ்க் வேண்டும்.

சரி, துணை டாஸ்க்காக வைத்தால்? செட்பேரண்ட்டாஸ்க்ஐடி கொடுத்தால் பிராசஸில் உள்ள ஒரு டாஸ்க்குக்குக் கீழே இதைத் தொங்கவிடலாம். இதை நம்பி நிறைய பேர் எழுதுகிறார்கள். ஆனால் தாய் டாஸ்க் துணை டாஸ்க்குகளுக்காகக் காத்திருக்காது. யாராவது தாய் டாஸ்க்கை முடித்துவிட்டால், திறந்து கிடந்த துணை டாஸ்க்குகளும் அதோடு சேர்ந்து போய்விடும். க்யூசி (தரக் கட்டுப்பாடு) மேலாளர் அவசரத்தில் 'லாட் சரி' என்று அழுத்தினால், லேப்பில் இன்னும் முடிக்காத மைக்ரோ சோதனை டாஸ்க் லிஸ்ட்டிலிருந்தே காணாமல் போகும். துணை டாஸ்க் வைத்துத்தான் செய்வேன் என்றால், தாய் டாஸ்க்கை முடிக்கும் உங்கள் கோடில் கெட்சப்டாஸ்க்ஸ் கூப்பிட்டு, பட்டியல் காலியாக இருந்தால்தான் முடிக்க விட வேண்டும். எஞ்சின் தன்னால் தடுக்காது.

அடுத்து வரும் யோசனை, பிராசஸை ஒரு மெசேஜ் ஈவென்ட்டில் நிறுத்தி வைப்பது; ஒவ்வொரு தனி டாஸ்க் முடியும்போதும் பாக்கி எத்தனை என்று எண்ணி, பூஜ்யம் என்றால் மெசேஜ் அனுப்பி லாட்டை நகர்த்துவது. கேட்க நன்றாக இருக்கும், சோதித்துப் பார்க்கும்போதும் ஓடும். சீசனில்தான் மாட்டும். எப்படி என்று பாருங்கள். ஒரு லாட்டில் கடைசி இரண்டு டாஸ்க் பாக்கி. பிரிக்ஸ் (கூழில் கரைந்த சர்க்கரையின் அளவு) பார்த்தவரும் அமிலத்தன்மை பார்த்தவரும் ஒரே நொடியில் முடித்தேன் என்று அழுத்துகிறார்கள். இரண்டும் தனித்தனி டிரான்சாக்ஷன்; கமிட் ஆகும்வரை ஒன்று எழுதியது மற்றொன்றுக்குத் தெரியாது. முதலாவது தன்னுடையதை முடித்துவிட்டு எண்ணுகிறது. இரண்டாவது இன்னும் கமிட் ஆகவில்லை, அதனால் பாக்கி 1 என்று தெரிகிறது. இரண்டாவதும் எண்ணுகிறது, முதலாவது இன்னும் கமிட் ஆகவில்லை, அதற்கும் பாக்கி 1. இருவருமே மெசேஜ் அனுப்ப மாட்டார்கள். இருவரும் கமிட் ஆன பிறகு பாக்கி பூஜ்யம், ஆனால் எண்ணுவதற்கு ஆள் இல்லை. லாட் அங்கேயே நிற்கும், லாகில் ஒரு எரரும் இருக்காது. இந்த வழிதான் வேண்டும் என்றால், எண்ணுவதற்கு முன் லாட்டின் வரியை செலக்ட் ஃபார் அப்டேட் போட்டுப் பூட்டுங்கள். அப்போது ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் எண்ணுவார்.

ஆனால் எஞ்சின் ஏற்கனவே செய்து வைத்திருக்கும் வேலையை நாம் ஏன் திரும்ப எழுத வேண்டும்? எண்ணுவதையும் காத்திருப்பதையும் எஞ்சினிடம் விடலாம். அதற்கு நீங்கள் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: லாட்டுக்கு லாட் மாறுவது ஆளா, எண்ணிக்கையா, வேலையே முன்னால் தெரியாததா?

மாறுவது ஆள் மட்டும் என்றால் கோடில் டாஸ்க் உருவாக்கவே வேண்டாம். படத்தில் ஒரு யூசர் டாஸ்க் வைத்து, கேண்டிடேட் குரூப்பில் ஒரு எக்ஸ்பிரஷன் கொடுங்கள், அல்லது கிரியேட் லிசனரில் ஷிஃப்ட் பட்டியலைப் பார்த்து ஒதுக்குங்கள்.

மாறுவது எண்ணிக்கை என்றால் மல்டி இன்ஸ்டன்ஸ், அதாவது படத்தில் வரைந்த ஒரே டாஸ்க்கைப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதியாக ஓட்டுவது. உங்கள் ஆலையையே எடுத்துக்கொள்வோம். தோத்தாபுரிக் கூழுக்குப் பிரிக்ஸ் குறைந்தது 14, அல்போன்சாவுக்கு 16 என்று கேட்பது வழக்கம். அதோடு அமிலத்தன்மை, பிஎச், நிறம், கரும்புள்ளி, ஈஸ்ட் மற்றும் பூஞ்சை எண்ணிக்கை. ஏற்றுமதி என்றால் பூச்சிமருந்து எச்சத்துக்கு வெளி லேப். எந்த வாங்குநருக்கு எது என்பது உங்கள் டேபிளில் இருக்கும். லாட் பதிவானதும் ஒரு ஜாவா டெலிகேட் (எஞ்சின் கூப்பிடும் உங்கள் கிளாஸ்) அந்த டேபிளைப் படித்து, சோதனைகளின் பட்டியலை ஒரு பிராசஸ் வேரியபிளாக வைக்கட்டும். அடுத்து 'சோதனை' என்ற ஒரே யூசர் டாஸ்க்கை பேரலல் மல்டி இன்ஸ்டன்ஸாக வைத்து, கலெக்ஷனுக்கு அந்தப் பட்டியலையும் எலிமென்ட் வேரியபிளுக்கு ஒரு பெயரையும் கொடுங்கள். டாஸ்க்கின் பெயரிலும் எக்ஸ்பிரஷன் போடலாம். லேப்பில் இருப்பவருக்கு 'பிரிக்ஸ், லாட் இன்னது' என்று தனித்தனியாகத் தெரியும். பட்டியலில் நாலு இருந்தால் நாலு டாஸ்க், ஒன்பது இருந்தால் ஒன்பது. கடைசி டாஸ்க் முடிந்தால்தான் பிராசஸ் அடுத்த படிக்குப் போகும். ஒரு சோதனை தோற்றாலே மற்றவை வேண்டாம் என்றால் கம்ப்ளீஷன் கண்டிஷனில் அதை எழுதலாம். நிபந்தனை உண்மையானதும் திறந்திருக்கும் மற்ற டாஸ்க்குகளை எஞ்சினே மூடிவிடும்.

பேரலல் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ரிஃப்ராக்டோமீட்டரில் பிரிக்ஸ் பார்ப்பது ஒரு நிமிட வேலை. பூஞ்சை எண்ணிக்கைக்குத் தட்டை 5 நாள் வரை இன்குபேட்டரில் வைக்க வேண்டும். வரிசையாக வைத்தால் ஒன்றுக்காக மற்றொன்று தூங்கும். ஆனால் இங்கே ஒன்று கவனியுங்கள். டாஸ்க்கை முடிக்கும்போது 'முடிவு' என்ற ஒரே பெயரில் வேரியபிளைக் கொடுத்தால், அது மேலே பிராசஸ் மட்டத்தில் போய் உட்காரும். எல்லா டாஸ்க்கும் அதே பெயரில் எழுதும், கடைசியாக எழுதியவர் மதிப்புதான் மிஞ்சும். பிரிக்ஸ் தோற்றிருந்தாலும் அதற்குப் பின் வந்த நிறச் சோதனை 'சரி' என்று அதை மூடிவிடும். சோதனை முடிவுகளை லாட் எண், சோதனைக் குறியீடு இரண்டையும் சாவியாக வைத்த உங்கள் சொந்த டேபிளில் எழுதுங்கள். பிராசஸுக்குள் தோற்றதா இல்லையா என்ற ஒரு குறி போதும். அதையும் தோற்றால் மட்டுமே எழுதுங்கள்.

இருவர் ஒரே நொடியில் முடிக்கும் சிக்கல் இங்கேயும் வரும், ஆனால் பத்திரமாக வரும். இருவரும் முடிந்தவை எத்தனை என்ற ஒரே எண்ணை மாற்றப் பார்ப்பதால் ஒருவருக்கு ஆப்டிமிஸ்டிக் லாக்கிங் எரர் விழும், அவருடைய டிரான்சாக்ஷன் முழுதும் பின்வாங்கும். தகவல் கெடாது. பின்னணியில் ஓடும் ஜாபுகளை எஞ்சின் தானே மறுபடி முயலும். ஆள் பட்டனை அழுத்தி வரும் கம்ப்ளீட் அழைப்பை அப்படி முயலாது. அந்த எரரைப் பிடித்து மீண்டும் கூப்பிடுவதை உங்கள் சர்வீஸ் லேயரில் எழுதிவிடுங்கள். லேப் ஆளின் திரையில் சிவப்பு எழுத்தாக அது போகக் கூடாது.

மூன்றாவதுதான் உங்கள் கேள்வியின் கனமான பகுதி: பாதி வழியில் புதிதாக ஒரு சோதனை சேர்வது. கலெக்ஷன் பட்டியலில் பின்னால் ஒன்றைச் சேர்த்தால் புதிய டாஸ்க் வராது. எத்தனை என்பது மல்டி இன்ஸ்டன்ஸ் தொடங்கும்போதே முடிவாகிவிடுகிறது. ஃப்ளோவபிளில் ஆட்மல்டிஇன்ஸ்டன்ஸ்எக்ஸிக்யூஷன் என்ற அழைப்பு இருக்கிறது. காமுண்டா 7-ல் பிராசஸ் இன்ஸ்டன்ஸ் மாடிஃபிகேஷன் வழியாக ஸ்டார்ட்பிஃபோர்ஆக்டிவிட்டி போட்டு இன்னொரு பிரதியைத் தொடங்கலாம். அதற்கு வேண்டிய வேரியபிள்களையும் அந்த அழைப்பிலேயே நீங்களே கொடுத்துவிடுங்கள். இரண்டும் வேலை செய்யும். ஆனால் இதை அன்றாட வழியாக வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். மாடிஃபிகேஷன் என்பது நடுவில் பழுது பார்க்கிற கருவி. படத்தைப் பார்க்கிற ஆடிட்டருக்கு இந்தச் சோதனை எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

நான் சொல்லும் வழி இது. படத்தில் 'சோதனைகள்' என்று ஒரு சப்பிராசஸ் (பிராசஸுக்குள் ஒரு சின்னப் பிராசஸ்) வரையுங்கள். அதற்குள் மேலே சொன்ன மல்டி இன்ஸ்டன்ஸ் இருக்கட்டும். அதே சப்பிராசஸுக்குள், 'கூடுதல் சோதனை' என்ற மெசேஜ் வந்தால் தொடங்கும் ஈவென்ட் சப்பிராசஸ் ஒன்றை வையுங்கள். நடப்பதை நிறுத்தாத வகையாக இருக்க வேண்டும். வாங்குநர் திடீரென்று ஒரு சோதனை கேட்டால் உங்கள் ஜாவா கோட் அந்த லாட்டுக்கு மெசேஜை அனுப்பும். எந்தச் சோதனை, யாருக்கு என்பது மெசேஜோடு போகும். ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒரு புதிய டாஸ்க். எத்தனை முறை வேண்டுமானாலும் அனுப்பலாம். சப்பிராசஸ் தனக்குள் இருக்கும் எல்லாமே முடிந்தால்தான் முடியும். இது பிபிஎம்என் விதியே. நீங்கள் கேட்டபடி டாஸ்க்கை ஓடும்போது கோடிலிருந்துதான் பிறப்பிக்கிறீர்கள், ஆனால் காத்திருப்பு எஞ்சினுடையது, லிசனரும் டைமரும் ஓடும், படத்திலும் தெரியும்.

இதில் ஒரு சந்து இருக்கிறது, அதையும் அடைக்க வேண்டும். கடைசிச் சோதனை முடிந்து சப்பிராசஸ் மூடிய பிறகு மெசேஜ் வந்தால் வாங்க ஆள் இல்லை. காமுண்டாவில் பொருந்தும் இடம் இல்லை என்று எரர் வரும். அதனால் அதே சப்பிராசஸுக்குள் க்யூசி மேலாளருக்கு 'சோதனைப் பட்டியல் முடிந்தது' என்று ஒரு யூசர் டாஸ்க் வையுங்கள். அவர் அதை முடிக்கும்வரை சப்பிராசஸ் திறந்தே இருக்கும். ஆலையில் இந்த முடிவை எடுப்பவர் எப்படியும் அவர்தான், அதனால் கூடுதல் வேலை என்று முகம் சுளிக்க மாட்டார்.

ஒரு சோதனைக்குள்ளேயே படிகள் இருந்தால், உதாரணமாக மாதிரி எடுப்பது, வெளி லேப்புக்கு அனுப்புவது, ரிப்போர்ட் ஏற்றுவது, தோற்றால் மறுமாதிரி என்று போனால், அதைத் தனி பிராசஸாக வரைந்து கால் ஆக்டிவிட்டியாகக் கூப்பிடுங்கள். மல்டி இன்ஸ்டன்ஸும் ஈவென்ட் சப்பிராசஸும் அந்த ஒரே சின்னப் பிராசஸைக் கூப்பிடலாம்.

பிராசஸ் மாடலையே ஜாவாவில் கட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். கட்டலாம். காமுண்டாவில் ஸ்டார்ட் ஈவென்ட், யூசர் டாஸ்க், எண்ட் ஈவென்ட் என்று புள்ளி வைத்துத் தொடர்ந்து எழுதும் பில்டர் இருக்கிறது; ஆக்டிவிட்டியிலும் ஃப்ளோவபிளிலும் பிபிஎம்என்மாடல் கிளாஸ். டெப்ளாய் செய்யும்போது ரிசோர்ஸ் பெயர் டாட் பிபிஎம்என் அல்லது டாட் பிபிஎம்என்20 டாட் எக்ஸ்எம்எல் என்று முடிய வேண்டும், இல்லாவிட்டால் டெப்ளாய் ஆனது போல் இருந்தும் பிராசஸ் டெஃபினிஷன் இல்லாமல் போகலாம். ஆனால் லாட்டுக்கு ஒரு டெப்ளாய்மென்ட் என்று போகாதீர்கள். மாடல் ஒவ்வொன்றும் புது வெர்ஷனாகச் சேரும், டேபிள் பெருக்கும், எந்த லாட் எந்த வெர்ஷனில் ஓடியது என்று தேடுவது தனி வேலையாகிவிடும். வாங்குநருக்கு ஒரு மாடல், அதுவும் அவருடைய ஒப்பந்தம் மாறும்போது மட்டும் என்றால் சரி. ஃப்ளோவபிளில் ஓடும் ஒரு இன்ஸ்டன்ஸுக்குள்ளேயே யூசர் டாஸ்க்கைச் செருகும் வசதியும் உண்டு. அந்த இன்ஸ்டன்ஸுக்கென்றே தனி டெஃபினிஷன் ஒன்றை அது உருவாக்கிக்கொள்ளும், அதனால் அதற்கும் இதே எச்சரிக்கைதான்.

தனி டாஸ்க் வழியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லாட்டை நிறுத்தாத வேலைகளுக்கு அது பொருத்தமானது: ரிஃப்ராக்டோமீட்டரைக் காலிபரேஷனுக்கு அனுப்ப நினைவூட்டுவது, லேப்புக்கு ரீஏஜன்ட் வாங்குவது போன்றவை. அப்படி உருவாக்கும்போது நியூடாஸ்க்குக்கு ஐடியை நீங்களே கொடுங்கள், எந்தக் கருவி, எந்தத் தேதி என்பதை வைத்து. ஜாப் மறுமுறை ஓடி அதே டாஸ்க்கை இரண்டாம் தடவை உருவாக்கப் பார்த்தால் ப்ரைமரி கீ தடுத்துவிடும். ஐடி நெடுவரிசை 64 எழுத்துதான் தாங்கும். ஸ்பிரிங் என்றால் டாஸ்க் உருவாக்கும் அழைப்பும் உங்கள் டேபிளில் எழுதும் அழைப்பும் ஒரே டிரான்சாக்ஷன் மேனேஜருக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் லாட் பதிவு ரத்தாகி, டாஸ்க் மட்டும் ஒருவர் லிஸ்ட்டில் அநாதையாக நிற்கும்.

இதுவரை சொன்னதில் எஞ்சினின் நடத்தை பற்றியவை உறுதியானவை. லாக்கிங் எரர் எவ்வளவு அடிக்கடி வரும், மறுமுயற்சிக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பது உங்கள் டேட்டாபேஸையும் ஒரே நேரத்தில் எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்பதையும் பொறுத்தது. அதை இங்கிருந்து சொல்ல முடியாது. மே மாதம் வருவதற்குள் நீங்களே லோட் போட்டுப் பாருங்கள்.

நீங்கள் காமுண்டா 8-ல் இருந்தால் கதை வேறு. எஞ்சின் உங்கள் ஜாவாவுக்குள் இல்லை, தனி டாஸ்க்கைப் பிறப்பிக்கும் நியூடாஸ்க்கும் இல்லை. யூசர் டாஸ்க் பிராசஸ் வழியாகத்தான் வரும். மேலே சொன்ன மல்டி இன்ஸ்டன்ஸும் மெசேஜ் ஈவென்ட் சப்பிராசஸும் அங்கேயும் பொருந்தும். ஆரக்கிள் எஸ்ஓஏ என்றால் டாஸ்க் சர்வீஸில் இனிஷியேட்டாஸ்க் இருக்கிறது. ஆனால் டாஸ்க் டெஃபினிஷனை முன்பே வடிவமைத்து டெப்ளாய் செய்து, அதன் ஐடியையும் பேலோடையும் டாஸ்க் ஆப்ஜெக்ட்டில் வைத்த பிறகுதான் கூப்பிட முடியும்.

எந்த எஞ்சின், எந்த வெர்ஷன், எந்த டேட்டாபேஸ், கூடுதல் சோதனை கேட்பவர் க்யூசி மேலாளரா வாங்குநரா என்று எழுதுங்கள். கடைசிக் கேள்வியின் பதிலைப் பொறுத்து, அந்த மெசேஜை அனுப்பும் உரிமையை எந்தத் திரையில், யாருக்கு வைப்பது என்று சொல்ல முடியும்.